‘3 லட்சம் மானியம் சாங்ஷன், ஃபைல் சார்ஜ் 8,500 கட்டுங்கள்’ என்கிறார்கள், கட்டலாமா?

பெரம்பூர் மாவுக்கடை:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன், இரண்டு கிரைண்டர், உதவிக்கு ஒரு அம்மா, அவ்வளவுதான் கடை. போன வாரம் ஒருவர் போன் செய்து, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உங்கள் கடைக்கு 3 லட்சம் மானியம் சாங்ஷன் ஆகிவிட்டது, திருப்பிக் கட்டவே வேண்டாம் என்றார். மரியாதையான பேச்சு, கடைப் பெயர், உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னார். அப்புறம் வாட்ஸ்அப்பில் லெட்டர் வந்தது. மேலே சிங்கமுத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து, வட்ட சீல். 8,500 ரூபாயை இன்று மாலைக்குள் ஜிபேயில் போட்டால் நாளைக்கே அக்கவுண்டில் பணம் ஏறிவிடுமாம். ஆதார், பான், ஒரு கேன்சல் செக் மூன்றும் அனுப்பிவிட்டேன், பணம்தான் இன்னும் போடவில்லை. போடலாமா?

ராயப்பேட்டை பிரிண்டிங்:
அக்கா, தயவுசெய்து போடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே மாதிரி லெட்டர்தான் வந்தது. முதலில் ஃபைல் சார்ஜ் 6,500 கட்டினேன். மறுநாள் ஜிஎஸ்டி என்று 18,000, அதற்கு அடுத்த நாள் இன்சூரன்ஸ் என்று 12,000. ஒவ்வொரு தடவையும் ‘இதுதான் சார் கடைசி’ என்பார்கள், ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்று நானும் கட்டிக்கொண்டே போனேன். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் நான்கு நாள் கழித்துத்தான் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்தேன், அதற்குள் பணத்தை எடுத்துவிட்டார்கள். உடனே செய்திருந்தால் அந்த அக்கவுண்டை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அதோடு விடவில்லை, ஒரு மாதம் கழித்து வேறு ஒருவன் ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 5,000 கட்டுங்கள்’ என்று கூப்பிட்டான், அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அப்படி வரும், எடுக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், உத்யம் பதிவை எங்கே போட்டீர்கள்? காசு கட்டினீர்களா?

பெரம்பூர் மாவுக்கடை:
கூகுளில் முதலில் வந்த தளத்தில் தம்பி, 1,999 கட்டினேன்.

ராயப்பேட்டை பிரிண்டிங்:
உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது அக்கா. அரசுத் தளத்தின் முகவரி gov.in என்று முடியும். உங்கள் விவரம் அந்தத் தனியார் தளத்திலிருந்துகூடப் போயிருக்கலாம்.

வங்கிக் கடன் பிரிவு (ஓய்வு):
அம்மா, நான் நிறைய மானியக் கடன் ஃபைல் பார்த்தவன். அந்த லெட்டர் பொய் என்று படித்த உடனே தெரிந்துவிட்டது. அவன் சொல்லும் திட்டம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கானது, ஆறு வருஷம் ஓடும் கடைக்கு விண்ணப்பமே போடாமல் சாங்ஷன் ஆக வழியில்லை. அதைவிட முக்கியம், அந்த மானியம் யார் கையிலும் பணமாக வராது. முதலில் வங்கி கடன் கொடுக்க வேண்டும், நகரத்தில் பெண்கள் தொழில் தொடங்கினால் திட்டச் செலவில் 5 சதவீதம் தாங்களே போட வேண்டும், 25 சதவீத மானியம் வங்கிக்கு வந்து மூன்று வருஷம் டெபாசிட்டாகவே கிடக்கும், தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இவ்வளவு இருக்கும்போது ‘நாளைக்கே அக்கவுண்டில் 3 லட்சம்’ எங்கிருந்து வரும்? சிறுதொழில் கடன் திட்டமான முத்ரா பெயரிலும் இப்படிக் கடிதம் சுற்றுகிறது. முத்ரா நிறுவனம் நேராக யாருக்கும் கடன் தருவதில்லை, ஏஜெண்டும் வைத்திருக்கவில்லை. நாம் போக வேண்டியது வங்கிக் கிளைக்குத்தான்.

ஆவணம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே சில வேலை இருக்கிறது. ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) பூட்டுங்கள். கிளைக்கு நேரில் போய்க் கேன்சல் செக் தவறான ஆளிடம் போய்விட்டது என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று சிபில் அறிக்கையை (நம் கடன் விவரம் எல்லாம் இருக்கும் அறிக்கை) பாருங்கள், வருஷத்துக்கு ஒன்று இலவசம், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவையும் பார்ப்பது நல்லது. ஓடிபி, யுபிஐ பின் நம்பர் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நமக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.

அம்பத்தூர் லேத்:
பணம் போகாவிட்டாலும் 1930லோ cybercrime.gov.in தளத்திலோ அந்த நம்பரைப் புகார் கொடுங்கள் அக்கா, லெட்டரை அழித்துவிடாதீர்கள். கிரைண்டர் வாங்க உதவி வேண்டுமென்றால் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் தொழில் வணிகத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, நான் அங்கேதான் போனேன், யாருக்கும் கமிஷன் கொடுக்கவில்லை. ஏற்கெனவே நடக்கும் சிறு உணவுத் தொழிலுக்கென்று மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. அதுவும் வங்கிக் கடனோடு சேர்ந்ததுதான். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் கேளுங்கள்.

பெரம்பூர் மாவுக்கடை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லெட்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மானியம் என்பதை ‘மாணியம்’ என்று அடித்திருக்கிறார்கள், அனுப்பிய ஈமெயில் சாதாரண ஜிமெயில். ஆசையில் அது கண்ணில் படவே இல்லை. அவர் மூன்று தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஆதாரைப் பூட்டியாயிற்று, புகாரும் கொடுத்துவிட்டேன். நாளை காலை மாவைக் கடையில் இறக்கிவிட்டு வங்கிக்கும் அப்படியே கிண்டிக்கும் போகிறேன். அம்பத்தூர் தம்பி, என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

அம்பத்தூர் லேத்:
உத்யம் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கிரைண்டருக்குக் கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷன். ஜெராக்ஸ் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா.