வார்த்தை எல்லாம் தெரிகிறது, பத்திதான் புரியவில்லை

புதுவயல் பொண்ணு:

வணக்கம். காரைக்குடியில் பி.காம் கடைசி வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கூடவே பேங்க் எக்ஸாமுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கையும் ரீசனிங்கையும் சமாளித்துவிடுவேன். இங்கிலீஷ்தான் காலை வாருகிறது. பிரிலிம்ஸில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். தப்பாகப் போட்டால் கால் மார்க் கழியும். அதில் நீளமாக ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, அங்கேதான் மொத்தமாகச் சரிகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடல் டெஸ்ட். பத்தியிலிருந்து எட்டுக் கேள்வி, இரண்டுதான் சரி. கோச்சிங்கில் கேட்டால், 'வொகாபுலரி போதாது, தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணு' என்கிறார்கள். ஆறு மாதமாக அதைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறேன்! இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. 'மிட்டிகேட்', 'பெர்னிஷியஸ்' எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் டெஸ்டில் என்னைக் கவிழ்த்தது இந்த வரி:

'அன்லெஸ் தி பேங்க் லோயர்ஸ் இட்ஸ் ரேட், ஃபியூ ஃபார்மர்ஸ் வில் பாரோ.'

இதில் எனக்குத் தெரியாத வார்த்தை எது? பேங்க் வட்டியைக் குறைக்கிறது, கொஞ்சம் விவசாயிகள் கடன் வாங்குவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதை நம்பி மூன்று கேள்விக்குப் பதில் போட்டேன். மூன்றும் போச்சு.

வீட்டில் படிக்கும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதிக்கொண்டே போவேன். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. டெஸ்டில் கம்ப்யூட்டர் ஸ்கிரீன்மேல் எழுத முடியாது, அதனால் மனசுக்குள்ளே எழுதுகிறேன். ஒரு பத்திக்கு ஒன்பது நிமிஷம் ஆகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ரயில்வே அண்ணன்:

தினமும் இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கம் படிங்க தங்கச்சி. மூன்றே மாதம். நான் அப்படித்தான் பாஸ் பண்ணினேன்.

புதுவயல் பொண்ணு:

பண்ணிப் பார்த்தேன் அண்ணா. முதல் பாராவிலேயே பதினெட்டு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டேன். இரண்டாவது பாராவுக்குப் போகவே இல்லை.

தேவகோட்டை ஆச்சி:

ரயில்வே தம்பி சொல்வது தப்பில்லை. ஆனால் நீச்சல் தெரியாத பிள்ளையை ஊருணியின் நடுவில் கொண்டுபோய் இறக்குகிற வேலை அது. படியில் உட்கார்ந்து காலை நனைக்கிற இடம் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கிருந்து வருவோம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவள். ஆத்தா, உன் வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, உன்னை நினைத்து இல்லை, என்னை நினைத்து. நான் காலேஜில் சேர்ந்த புதிதில் ஒரு கதையில் 'ஷி ஹார்ட்லி ஏட் எனிதிங்' என்று வந்தது. ஹார்ட் என்றால் கடினம், அப்புறம் கடுமையாக, மும்முரமாக என்று நானே கணக்குப் போட்டு, 'அவள் ஒரு பிடி பிடித்தாள்' என்று எழுதிவைத்தேன். அந்தப் பெண்ணோ புருஷன் செத்த வீட்டில் ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் என் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் அந்த வார்த்தையைப் பார்த்தால் காது சுடும்.

உன் வரியில் பேங்க், ரேட், ஃபார்மர், பாரோ எல்லாம் சரக்கு. அன்லெஸ், ஃபியூ இரண்டும்தான் தராசு முள். நீ சரக்கை எல்லாம் எண்ணிவிட்டு முள்ளைப் பார்க்காமல் விட்டாய். 'அன்லெஸ்' என்பது நம்முடைய 'ஒழிய'. குறைத்தாலொழிய. 'எ ஃபியூ' என்றால் சிலர். முன்னால் நிற்கிற அந்த ஓரெழுத்து 'எ' இல்லாமல் வெறும் 'ஃபியூ' வந்தால், அநேகமாக யாருமில்லை என்று அர்த்தம். ஆக, வட்டியைக் குறைத்தாலொழிய கடன் கேட்டு விவசாயி யாரும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான். நீ எடுத்துக்கொண்டதற்கு நேர் எதிர்.

உன் இரண்டு நோட்டையும் மூடி வை. மூன்றாவதாக ஒரு சின்ன நோட்டுப் போடு. அதில் முள் வார்த்தைகள் மட்டும்தான் ஏற வேண்டும்: ஆல்தோ, அன்லெஸ், ஹார்ட்லி, யெட், வேராஸ் மாதிரி. ஐம்பது அறுபது தேறினால் அதிகம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் அர்த்தம் மட்டும் எழுதாதே, ஒரு முழு வரியும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்பதும் இருக்கட்டும். 'தி ரோட் வாஸ் நாட் லெய்ட் அன்டில் 1950' என்று ஒரு வரி. ரோடு போட்டார்களா இல்லையா என்று பிள்ளைகள் திணறும். இதைத் தமிழில் ஒரு 'தான்' போட்டு முடித்துவிடலாம்: 1950இல்தான் ரோடு போட்டார்கள். அந்தத் 'தான்' நினைவில் நின்றால் போதும், 'நாட் அன்டில்' இனி பயமுறுத்தாது.

அடுத்தது வார்த்தைக்கு மேலே தமிழ் எழுதுகிற பழக்கம். அதை இன்றைக்கே விடு. நம் ஊர் வீட்டில் முகப்பில் நுழைந்து, வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி, கட்டுக் கட்டாக நடந்து போனால்தான் கடைசியில் அடுப்படி வரும். தமிழ் வாக்கியமும் அப்படித்தான், வினை கடைசிக் கட்டில் உட்கார்ந்திருக்கும். இங்கிலீஷில் வினை வாசல் பக்கத்திலேயே நிற்கும், சாமான் எல்லாம் பின்னால் வரும். நீ வரிசையாகத் தமிழ் எழுதிக்கொண்டு போனால் அடுப்பைத் திண்ணையில் வைத்த கதைதான். 'தி ஹவுஸ் ஹிஸ் கிராண்ட்ஃபாதர் பில்ட் வித் பர்மா டீக் வாஸ் சோல்ட் லாஸ்ட் இயர்.' இதைக் கொடுத்தால் பாதிப் பேர் 'தாத்தா வீட்டைக் கட்டி விற்றார்' என்பார்கள். தாத்தா பாவம், கட்டினதோடு சரி. விலைபோனது வீடு.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஐயா. பர்மாவில் கடையில் இருந்துவிட்டு 1942 சண்டையில் வீடு திரும்பியவர். பழைய கணக்குப் பேரேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொல்வார். நான் தொகையை முதலில் வாசித்தால் தலையில் ஒரு குட்டு. 'பேர் யாரு? பற்றா வரவா? அதைச் சொல்லு முதல்ல. தொகை எங்கேயும் ஓடிடாது.' இங்கிலீஷில் நீள வாக்கியம் வந்தால் நானும் அதைத்தான் செய்தேன். யார், என்ன செய்தார். இந்த இரண்டையும் பிடித்துவிட்டு, எங்கே, எப்போது, எதனால் என்ற வாலை அப்புறம் பார்ப்பேன். மேலே உள்ள வரியில் யார்? வீடு. என்ன ஆயிற்று? விற்கப்பட்டது. மற்றதெல்லாம் வால்.

படிப்பதற்கு எதை எடுப்பது என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன். நியூசிலாந்தில் பால் நேஷன் என்று ஒரு பேராசிரியர், சொல் கற்றலைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதாவது நூறு வார்த்தைக்குத் தெரியாதது இரண்டு. முதல் பாராவிலேயே பதினெட்டு என்றால் அந்தத் தலையங்கம் இப்போதைக்கு உனக்கு இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் துணைப்பாடக் கதைகளை எடு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர், வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிக்கத் திணறுவதைப் பார்த்துத்தான், அடிக்கடி வருகிற வார்த்தைகளை வைத்தே பாடப் புத்தகம் எழுதினார். பின்னாளில் 1953இல் சுமார் 2000 வார்த்தைகளைப் பொறுக்கி ஒரு பட்டியலும் போட்டார். 'பெர்னிஷியஸ்' எல்லாம் அதற்கு அப்புறம்.

தினம் ஒரு பக்கம் படி. ஒவ்வொரு பாரா முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, அடுப்படியில் இருக்கிற அம்மாவிடம் தமிழில் ஒரே வரியில் சொல். மொழிபெயர்க்காதே, சேதி சொல். அம்மா 'அப்புறம்?' என்று கேட்டால் உனக்குப் புரிந்திருக்கிறது. 'என்னடி உளர்றே?' என்றால் திரும்ப வாசி. இரண்டு வாரம் கழித்து வந்து சொல்லாத்தா.

புதுவயல் பொண்ணு:

ஆச்சி, பதினாறு நாள் ஆச்சு. எட்டாவது புத்தகம் முடிந்து ஒன்பதாவதற்கு வந்துவிட்டேன். அம்மா 'அப்புறம்?' என்று கேட்பதற்குப் பதில் கதையில் வருகிறவர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன நோட்டில் இருபத்து மூன்று வார்த்தை.

நேற்று மாடல் டெஸ்டில் ஐந்து சரி! பத்தி நெல்லைப் பற்றி. அப்பா ரைஸ் மில்லில்தான் வேலை, அதனால் ஓட்டமாக வாசித்துவிட்டேன், நான்கே நிமிஷம். ஆனால் கூத்தைக் கேளுங்கள். 'அக்கார்டிங் டு தி பாசேஜ், நெல்லை ஏன் புழுக்குகிறார்கள்?' என்று கேள்வி. புழுக்கினால் அரைக்கும்போது நொய் குறையும், அரிசி உடையாது. புதுவயலில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைத்தான் டிக் பண்ணினேன். தப்பாம். தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கும் என்பதுதான் விடையாம். அப்பாவிடம் சொன்னால், 'எக்ஸாம் வச்சவனை மில்லுக்குக் கூட்டிட்டு வா' என்கிறார்.

தேவகோட்டை ஆச்சி:

அப்பா சொல்வதும் சரிதான், விடையும் சரிதான். 'அக்கார்டிங் டு தி பாசேஜ்' என்றால் பத்தி என்ன சொல்கிறது என்றுதான் கேள்வி, புதுவயல் என்ன சொல்கிறது என்று இல்லை. பத்தியில் நொய் வந்ததா? வரவில்லை. அப்படியானால் அது எவ்வளவு உண்மையானாலும் விடை ஆகாது. விடையைத் தொடுவதற்கு முன்னால் அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

ஆனால் நான்கு நிமிஷத்தில் வாசித்தாயே, அதை விட்டுவிடாதே. 1988இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமான, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற, ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட மேலாகப் புரிந்துகொண்டார்கள். அதனால் பேங்க், வட்டி, பணவீக்கம் எல்லாவற்றையும் முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படித்துக்கொள். விஷயம் உள்ளே இருந்தால் இங்கிலீஷ் பாதி வேலைதான்.

கானாடுகாத்தான் கைடு:

ஆச்சிக்கு வணக்கம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன், அரண்மனை வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற வேலை. தங்கச்சி பேங்க் எக்ஸாம் எழுதுவதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ஐ.ஓ.பி. என்கிற இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கியவர் நம்ம பக்கத்துக்காரர் சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார்கள். டூரிஸ்டுகளுக்கு இதை இங்கிலீஷில் சொல்லுவேன், கண்ணை விரிப்பார்கள்.

பேச்சு எனக்கு வந்துவிட்டது, வாசிப்பதுதான் தகராறு. வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ராத்திரி அதைத்தான் வாசித்துப் பழகுகிறேன். ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு போட்ட சுவர்ப் பூச்சு, தேக்கு என்று நான் சொன்னதையே அவர்கள் எழுதியிருப்பதால் ஓரளவு பிடிபடும். ஆச்சி சொன்ன பேஸ்பால் கதை இதுதான் போல.

போன மாதம் ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் கூட்டிக்கொண்டு சுற்றினேன். சிரித்துக்கொண்டேதான் போனார்கள். நோட்டில் பார்த்தால், 'வீ குட் நாட் ஹேவ் ஆஸ்க்ட் ஃபார் எ பெட்டர் கைட்' என்று எழுதியிருக்கிறார்கள். வேறு நல்ல கைடு கேட்டிருக்கலாம், கேட்க முடியாமல் போச்சு என்றுதானே அர்த்தம்? மனசு விட்டுப்போச்சு. அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. என்ன குறை வைத்தேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:

ஆத்தா, இது உனக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

புதுவயல் பொண்ணு:

ஐயோ அண்ணா! இருங்கள், பேரேட்டு முறையில் பார்க்கிறேன். யார்? நாங்கள். என்ன? கேட்டிருக்க முடியாது. எதை? இதைவிட நல்ல கைடை. ஏன் முடியாது? நீங்களே ஆக நல்லவர், உங்களுக்கு மேலே கேட்பதற்கு ஆளே இல்லை! 'நாட்'டும் 'பெட்டர்'உம் சேர்ந்தால் பாராட்டு அண்ணா. 'உங்களை மாதிரி ஒரு கைடு எங்கே தேடினாலும் கிடைக்காது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரிதானே ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி:

சரி. சின்ன நோட்டில் இருபத்து நாலாவதாக ஏற்றிக்கொள்.

கானாடுகாத்தான் கைடு:

நிஜமாவா? ஒரு மாதமாக அந்தப் பக்கத்தின் மேல் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறேன். இதோ பின்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், போட்டோ எடுத்து முதலில் வீட்டுக்காரிக்கு அனுப்பணும்.