கார் ஸ்ராண்டிலை நிக்குதில்லை, சரியுது. அவசரம்

கிரவல்_றோட்டு:
முன் பிரேக் பாட் மாத்தவேணும். இடது பக்கம் ஜக் அடிச்சு, தூக்கின காரைத் தாங்க ஸ்ராண்ட் வைச்சாச்சு. வலது பக்கம் தூக்கேக்க இடது ஸ்ராண்ட் வெளிப்பக்கம் சரியுது. ரெண்டு தரமும் அதே. ஸ்ராண்ட் புதுசு, 3 ரொன். கடைக்காரர் பழுதைத் தந்திட்டினமோ?

குளக்கட்டு:
என்ன கார்? நிலம் சீமெந்தோ மண்ணோ? காரோட வந்த கத்திரி ஜக்கோ, சில்லு வைச்ச ரொலி ஜக்கோ?

தகரக்_கொட்டில்:
ஸ்ராண்டிலதான் பிழை. 2020இல அமெரிக்காவில ஒரு கடை 3 ரொன், 6 ரொன் ஸ்ராண்டுகளைத் திருப்பி எடுத்தது. உயரத்தைப் பூட்டுற பல்லில நாக்குச் சரியாக் கொழுவாமல் பாரத்தோட இறங்கினது. பிடியை முழுக்கக் கீழ அமத்திப் பாருங்கோ. குறுக்கு ஊசி இருந்தா அதையும் போடுங்கோ.

குளக்கட்டு:
பல்லு விட்டா நேர கீழ இறங்கும், சரியாது. அவர் சொல்லுறது வேற.

பழைய_ஸ்பானர்:
ஹாண்ட் பிரேக் இழுத்ததோ? ஓட்டோ கியர் எண்டா கனபேர் பார்க்கில (P) போட்டிட்டுக் காணும் எண்டு விடுகினம். முன் இழுவைக் காரில பார்க் பிடிக்கிறது முன் சில்லை. ஒரு முன் சில்லு நிலத்தை விட்டா அது சும்மா சுத்தும், மற்றது உருளத் தொடங்கும். முன்பக்கம் தூக்கினா ஹாண்ட் பிரேக்கும் வேணும், பின் சில்லு ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடையும் வேணும்.

றிப்பேர்_அண்ணை:
காரின்ரை பேரே சொல்லாமல் பழுது கேக்கிற காலம். தம்பி, பாட் மாத்த ரெண்டு பக்கமும் ஒரேயடியாத் தூக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? ஒரு பக்கம் முடிச்சு இறக்கிப்போட்டு மற்றப் பக்கம் போகலாம். இதுக்கெல்லாம் ஒரு இழை.

கிரவல்_றோட்டு:
ரொயோட்டா விற்ஸ். ஓட்டோ. ரொலி ஜக். ஹாண்ட் பிரேக் இழுத்திருக்கு. முத்தத்திலதான்.

குளக்கட்டு:
முத்தம் எண்டா செம்மண்ணோ களியோ? மழை பெஞ்சதோ?

கிரவல்_றோட்டு:
செம்மண். முந்தநாள் நல்ல மழை.

குளக்கட்டு:
அப்ப ஸ்ராண்டைக் குறை சொல்லாதேங்கோ. விற்ஸ் 1 ரொன்னுக்குக் கிட்ட. முன்பக்கம் 600 கிலோ அளவில வரும், ஸ்ராண்டுக்கு 300. அந்த 300 கிலோவையும் நாலு காலின்ரை விளிம்பு ஈரமண்ணில தாங்குது. ஒரு கால் அரை அங்குலம் புதைஞ்சாலே தலை சரிஞ்சிடும். கீழ ஒண்டரை அங்குலத் தடிப்பில ஒரு அடிச் சதுரப் பலகை போட்டா அதே பாரம் 900 சதுர சென்ரிமீற்றருக்கு மேல பரவும். மேல்மண்ணை வழிச்சு, இடிச்சு, மட்டம் பாத்துப் போடுங்கோ.

மற்றது ரொலி ஜக். அதின்ரை கை மேல போகேக்க வளைவா வரும், அதால ஜக் காருக்குக் கீழ உருண்டு போகவேணும். சீமெந்தில உருளும். மண்ணில சின்னச் சில்லு புதைஞ்சு நிக்கும், அப்ப ஜக் அசையாமல் காரைப் பக்கவாட்டில இழுக்கும். வலதில இழுக்க இடது ஸ்ராண்ட் சரியுறது அதாலதான். ஜக்கின்ரை நாலு சில்லும் உருள இடம் விட்டு நீளப் பலகை போடுங்கோ.

பழைய_ஸ்பானர்:
இடதை உச்சத்துக்கு ஏத்திப்போட்டு வலதைத் தொட்டாலும் சரியும். ரெண்டையும் கீழ் பல்லில வைச்சு, பிறகு ஒவ்வொரு பல்லா மாறி மாறி ஏத்துங்கோ. ஸ்ராண்ட் வாறது கதவுக்குக் கீழ தகட்டு விளிம்பில ரெண்டு வெட்டு இருக்கிற இடத்தில. அதிலயே ஜக்கும் வைச்சா ஸ்ராண்டுக்கு இடமில்லை. ஜக்கை நடுவில எங்க குடுக்கிறது எண்டு கைநூலில பாருங்கோ. எண்ணெய்த் தட்டில முட்டாதேங்கோ, நசுங்கும்.

தகரக்_கொட்டில்:
பலகைக்குப் பதிலா சீமெந்துக் கல் ரெண்டு அடுக்கினா என்ன? வன்னி முழுக்க அதுதானே.

குளக்கட்டு:
கூடாது. பொள்ளல் கல் சுவருக்குப் பரவின பாரம் தாங்கும். ஒரு புள்ளியில குத்தினா முனகாமல் நொருங்கும். பலகை எண்டா முறிய முதல் சத்தம் போடும். முதிரை, பாலை நல்லது. பனை நார்வழிய பிளக்கும்.

றிப்பேர்_அண்ணை:
முதிரையாம். மரம் ஏத்தப் பெர்மிட் ஆர் எடுக்கிறது?

தகரக்_கொட்டில்:
ஒரு அடிப் பலகைக்கும் பெர்மிட்டோ அண்ணை? மரக்காலையில கழிவுத் துண்டு கேட்டா குடுப்பினம்.

றிப்பேர்_அண்ணை:
ஏத்திக்கொண்டு போகேக்க மறிச்சா அவங்களுக்கு இந்த இழையைக் காட்டுங்கோ.

பழைய_ஸ்பானர்:
மரக்கதையை விடுங்கோ. றோட்டு தம்பி, சில்லு நட்டை நிலத்தில நிக்கேக்கயே கால் சுத்து இளக்குங்கோ. ஸ்ராண்டில இறக்கினவுடன மட்காட்டைப் பிடிச்சு நல்லா ஆட்டுங்கோ. விழுறதெண்டா நீங்கள் வெளியில நிக்கேக்க விழட்டும். கழட்டின சில்லைப் படுக்கையா விளிம்புக்குக் கீழ தள்ளுங்கோ. ஜக்கையும் முட்டினபடி விடுங்கோ, ஆனா அதை நம்பாதேங்கோ. ஒரு சீல் கசிஞ்சாலும் சத்தமில்லாமல் இறங்கும். முடிய இறக்கிப்போட்டு நட்டைக் குறுக்குக் குறுக்கா 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கோ.

கிரவல்_றோட்டு:
பலகை போட்டு மாறி மாறித் தூக்கினது, அசையுதில்லை. இடது பாட் போட்டாச்சு. வலதில பாட்டை அமத்துற கலிப்பர் பிஸ்டன் உள்ள போகுதில்லை.

குளக்கட்டு:
பிரேக் எண்ணெய்க் குப்பி மூடி திறந்திருக்கோ?