பிரோன்டார்னிஸ்: பயங்கரப் பறவையா, பூதாகர வாத்தா?

மயோசீன்_மன்னாரு:
"மிகப்பெரிய ஊனுண்ணிப் பறவைகள்" பட்டியலில், அழிந்துபோன ராட்சதப் பறவையான பிரோன்டார்னிஸுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். அர்ஜென்டினாவின் தென்கோடி, படகோனியாவின் சாந்தா குரூஸ் பாறைகளில் கிடைத்து, 1891இல் மொரேனோவும் மெர்செராவும் பெயர் வைத்த பறவை அது. அதை "பயங்கரப் பறவைகள்" எனப்படும் ஃபோருஸ்ராகிடே குடும்பத்திலிருந்து பிரித்து வாத்து, அன்னம் பக்கம் சேர்க்க வேண்டும் என்று 2007இலேயே ஆய்வாளர் அக்னோலின் எழுதிவிட்டார்.

கல்தச்சன்:
எழுதினார், சரி. அல்வரெங்கா, ஹோஃப்லிங் இருவரும் 2003இல் செய்த திருத்த வகைப்பாட்டையும் பாருங்கள். குடும்பத்தில் ஐந்து துணைக்குடும்பங்கள். ஃபைசோர்னிஸ், பாராஃபைசோர்னிஸ் இரண்டோடும் பிரோன்டார்னிஸ் ஒரே துணைக்குடும்பம். எடை 350–400 கிலோ என்பதும் அவர்கள் கணக்குதான். மூன்றுக்கும் கணுவுக்குக் கீழுள்ள டார்சோமெட்டாடார்சஸ் எலும்பு குட்டையாக, அகலமாக இருக்கும். பிரேசிலில் கிடைத்த பாராஃபைசோர்னிஸுக்கு உடலின் பெரும்பகுதி எலும்புகள் இருக்கின்றன. அது பயங்கரப் பறவை என்பதில் சண்டையே கிடையாது.

மயோசீன்_மன்னாரு:
குட்டைக் கால் உறவைக் காட்டாது, பாரத்தைத்தான் காட்டும். முந்நூறு கிலோவைச் சுமக்கும் பறவைக்கு வேறு எப்படி இருக்கும்? ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து அழிந்த ராட்சதப் பறவை டுரோமோர்னிஸுக்கும் தடித்த கால்தான். அதைப் பயங்கரப் பறவைகளுக்கு இன்றுள்ள நெருங்கிய சொந்தமான செரீமாவின் உறவு என்பீர்களா? உறவுக்குக் குவாட்ரேட்டைப் பார்க்க வேண்டும், கீழ்த்தாடை வந்து பொருந்தும் எலும்பு. கோழி, வாத்து இனங்களுக்கு அதன் அடியில் இரண்டு குமிழ். செரீமா உட்படப் பெரும்பாலான மற்றப் பறவைகளுக்கு மூன்று. பிரோன்டார்னிஸுக்கு இரண்டு என்பதுதான் அக்னோலின் வாதம். 2017இல் வொர்தி குழு செய்த மரபுவழி அலசலிலும் அது கோழி-வாத்துக் கூட்டத்தில்தான் போய் விழுந்தது.

கல்தச்சன்:
அங்கேதான் இடிக்கிறது. பெயர் வைக்க அடிப்படையாக எடுத்துக்கொண்ட மூல மாதிரியில் கால் எலும்புகள் மட்டுமே: தொடை, முழங்காலுக்குக் கீழ், டார்சோமெட்டாடார்சஸ். குவாட்ரேட் தனியாகச் சேர்க்கப்பட்டது. அதே பறவையுடையது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பின்னாலுள்ள மூன்றாவது குமிழ் உடைந்து போயிருந்தாலும் எண்ணிக்கை இரண்டாகத்தான் தெரியும்.

பாறைத்தேரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உடைசலா, பிறவியிலேயே இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உடைந்த இடத்தில் பஞ்சு மாதிரி உள்ளெலும்பு வெளியே தெரியும். வழவழப்பான மேல்தோடு விளிம்புவரை ஓடினால் அங்கே குமிழே இருந்ததில்லை. ஆற்றில் உருண்டு தேய்ந்த எலும்பில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, எல்லாமே வழவழப்பாகிவிடும். படத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், எலும்பை லென்ஸில் பார்க்க வேண்டும்.

தாடைத் துண்டை நம்பிக் கெட்ட கதையும் இந்தக் குடும்பத்திலேயே உண்டு. 1887இல் புதைபடிவ ஆய்வாளர் அமெகினோ, குடும்பத்துக்கே பெயர் கொடுத்த ஃபோருஸ்ராகோஸின் தாடைத் துண்டைப் பல்லில்லாப் பாலூட்டி என்றே விவரித்தார். பறவை என்று தெரிய 1891 ஆனது.

கல்தச்சன்:
நான் சொல்வதும் அதுதான். மண்டையும் காலும் ஒரே உடலிலிருந்து வரட்டும், அப்புறம் பேசலாம்.

மயோசீன்_மன்னாரு:
அதுவரை முதலிடம் மட்டும் எப்படிச் செல்லும்? கொக்கி அலகோ வேட்டைக்கான நகமோ அதற்கு இருந்ததாக யாரும் காட்டவில்லையே. அழிந்துபோன இன்னொரு ராட்சதப் பறவை காஸ்டோர்னிஸும் பெரிய அலகை வைத்துத்தான் பல காலம் வேட்டைக்காரனாக ஓடியது. எலும்பிலுள்ள கால்சியம் ஐசோடோப்புகளை அளந்த ஆய்வு அது தாவர உண்ணி என்றது. முதலிடத்தில் சந்தேகமில்லாத பயங்கரப் பறவையான கெலென்கெனை வையுங்கள். 71.6 செ.மீ. மண்டை, கொக்கி அலகு, எல்லாம் கையில் இருக்கிறது. பிரோன்டார்னிஸ் கீழே, கேள்விக்குறியோடு.

கல்தச்சன்:
கேள்விக்குறிக்குச் சம்மதம். பக்கத்தில் "வாத்து" என்று எழுதினால் மறுபடி வருவேன்.