பிளஸ் டூ முடித்த பையன் அப்ரண்டிஸ் போகிறேன் என்கிறான், அனுப்பலாமா?

திண்டுக்கல் மாமா:
அக்கா மகனுக்கு பிளஸ் டூவில் 600க்கு 348. கணக்கு, இயற்பியல் இருக்கிற குரூப்தான். வீட்டில் மிக்சி, தண்ணீர் மோட்டார் எது நின்றாலும் அவன்தான் பிரித்துப் பூட்டுவான். புத்தகத்தைத் திறந்தால்தான் கொட்டாவி. அக்கா எப்படியாவது இன்ஜினியரிங் சேர்த்துவிட வேண்டும் என்று நகையை எடுத்து வைத்திருக்கிறாள். போன வாரம் ஊருக்கு ஒரு ஆள் வந்து பத்துப் பையன்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். ஓசூரில் கம்பெனி, படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம், மாதம் 12,000, தங்க இடம், சாப்பாடு, இரண்டு வருடத்தில் சான்றிதழ், இதற்குப் பெயர் அப்ரண்டிஸ் என்றாராம். பையன் பையைக் கட்டிவிட்டான். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எல்ஐசி ஏஜென்ட், இந்த விவரமெல்லாம் தெரியாது. அனுப்பலாமா, கூடாதா?

பொன்மலைக்காரன்:
அனுப்புங்கள் தம்பி. நான் 1979இல் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் ஒரே வேலைதான்: இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி அரத்தால் ராவுவது. ராவி முடித்ததும் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். நடுவில் முடியளவு வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு. துண்டைத் திரும்ப என் முன்னால் வைத்து "ராவு" என்பார், வேறு பேச்சே கிடையாது. உள்ளங்கை காய்த்து, கொப்புளம் உடைந்து, அப்புறம் காய்ப்பே தோலாகிவிட்டது. அந்தக் கைதான் 38 வருடம் சோறு போட்டது. இப்போதும் பென்ஷன் வருகிறது.

நைட்ஷிப்ட்:
ஐயா, அது உங்கள் காலம். நான் போனது 2018இல். வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். முதல் நாள் ஷூவும் தொப்பியும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பிரஸ் மிஷின் முன்னால் நிறுத்தினார்கள். தகட்டை வை, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்து, எடு, பெட்டியில் போடு. ஷிப்டுக்கு 1,400 பீஸ். இரண்டு வருடமும் இதேதான். ஏன் ஒரு பட்டன் போதாது என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து மிஷினில் ஒருவன் வேகமாக முடிக்க ஒரு பட்டனை அழுத்தியபடி டேப் சுற்றி வைத்திருந்தான். அவன் விரல் போன அன்றுதான் இரண்டு பட்டன் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. முடிவில் கம்பெனி லெட்டர்பேடில் "பயிற்சி முடித்தார்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அடுத்த கம்பெனியில் அதைக் காட்டியபோது "ஃப்ரெஷர்தானே" என்றார்கள். நான் வெளியே வந்த வாரமே என் மிஷினுக்கு அடுத்த பேட்ச் வந்துவிட்டது. மாமா, பையனை அனுப்பாதீர்கள்.

கணக்கு டீச்சர்:
நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு எடுக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் இந்த ஆட்கள் எங்கள் பள்ளி வாசலுக்கும் வருவார்கள். ஒன்று கவனித்திருக்கிறேன், இவர்கள் எந்த மெட்ரிக் பள்ளி வாசலிலும் நின்று பார்த்ததில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் "கையில் தொழில் இருந்தால் போதும்" என்று யாரும் சொல்வதில்லை.

2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேர்பவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 47 பேர். இந்தியா முழுவதற்கும் 28 சொச்சம். அந்த 47 சும்மா வந்துவிடவில்லை. 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லி ஊரே எதிர்த்தது. அடுத்த வருடம் காமராஜர் வந்து அதை எடுத்த பிறகுதான் நம் வீடுகளில் முதல் பட்டதாரிகள் வந்தார்கள். பதினேழு வயதில் மிஷின் முன்னால் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பக் கல்லூரிக்கு வருவது அபூர்வம். மாமா, பையன் ஆறாவது முதல் அரசுப் பள்ளியா? அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கவுன்சலிங் போகலாம், கட்டணத்தை அரசே கட்டும். நகையைத் தொட வேண்டாம்.

திண்டுக்கல் மாமா:
இல்லை டீச்சர். அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி.

கணக்கு டீச்சர்:
அதற்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும். முதல் பட்டதாரி சலுகையும் இருக்கும், பாருங்கள்.

லேத் பட்டறை, கணபதி:
எதை எடுத்தாலும் குலக்கல்வியா டீச்சர்? லேத் எந்தச் சாதியின் குலத்தொழில், சொல்லுங்கள். கோவை கணபதியில் பம்பு, மோட்டார் உதிரிப் பட்டறை 22 வருடமாக வைத்திருக்கிறேன். ஆறு லேத், கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மிஷின் ஒன்று. இன்றைக்கு என்னிடம் மைக்ரோமீட்டர் பிடித்துப் படிக்கத் தெரிந்தவன் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பி.இ. முடித்த பையன்கள் வருகிறார்கள். தூ என்றால் ஒரு தூ கூடக் குறையக் கூடாது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: தூ என்றால் மைக்ரோமீட்டர் என்ற கருவியில் அளக்கிற மிகச் சிறிய அளவு.) நாலு வருடம் லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு 15,000க்கு நிற்கிறான். அதே வயதில் என்னிடம் ஏழு வருடம் நின்றவன் 32,000 வாங்குகிறான். டிகிரி இருந்தால் மரியாதை, சரி. வயிற்றுக்கு?

கணக்கு டீச்சர்:
லேத்துக்குச் சாதி இல்லைதான். லேத்துக்கு யார் வீட்டுப் பிள்ளை அனுப்பப்படுகிறான் என்பதைத்தான் கேட்கிறேன். உங்கள் மகன் என்ன படிக்கிறார் சார்?

லேத் பட்டறை, கணபதி:
பி.இ. மெக்கானிக்கல். முடித்துவிட்டான். பட்டறைக்குள் வருவதில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.
நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், மறைக்கவில்லை. அவன் அம்மா விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எண்ணெய்ச் சட்டையோடு வருகிறவனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? அது ஊரின் குற்றம். அதற்காகத் தொழிலைப் பழிக்காதீர்கள்.

நைட்ஷிப்ட்:
அண்ணே, உங்கள் பட்டறையில் நிற்கிறவனுக்கு நீங்கள் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்களா? பி.எஃப். உண்டா?

லேத் பட்டறை, கணபதி:
ஒப்பந்தம் இல்லை. எங்கள் மாதிரி ஆறேழு பேர் பட்டறைக்குச் சட்டத்தில் கட்டாயமும் இல்லை. வேலை தெரிந்தால் சம்பளம், அவ்வளவுதான்.

பொன்மலைக்காரன்:
இங்கேதான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறீர்கள். அப்ரண்டிஸ் என்பது வாயால் சொல்கிற வார்த்தை இல்லை, 1961ஆம் ஆண்டுச் சட்டம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம் கட்டாயம் எடுக்க வேண்டும், மொத்த ஆளில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் என்றால் விருப்பம். கம்பெனியும் பயிற்சியாளரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அரசு தளத்தில் பதிவாக வேண்டும். வயது 18 ஆகாவிட்டால் பெற்றோர் கையெழுத்து. எந்த டிரேடு, அதாவது எந்தத் தொழில் பிரிவு, என்று பெயர் இருக்க வேண்டும். 2019இல் விதியைத் திருத்தியபோது குறைந்தபட்ச ஸ்டைபண்ட் (மாத உதவித்தொகை) பத்தாவதுக்கு 6,000, பிளஸ் டூவுக்கும் ஐடிஐக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 என்று வைத்தார்கள். முடிவில் தேர்வு எழுதி தேசியச் சான்றிதழ். ரயில்வேயில் அந்தச் சான்றிதழ் இருந்தால் லெவல் 1 (கடைநிலை) வேலையில் 20 சதவீதம் இவர்களுக்கு ஒதுக்கீடு. நைட்ஷிப்ட் தம்பி போனது அப்ரண்டிஸே இல்லை. யாரோ அந்தப் பெயரை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

நைட்ஷிப்ட்:
ஐயா, சட்டத்தை நானும் பிறகு உட்கார்ந்து படித்தேன். அதே சட்டத்தில் 18ஆம் பிரிவு பாருங்கள்: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. 22ஆம் பிரிவு: பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. பி.எஃப். இல்லை. ஒழுங்காகப் பதிவு செய்தால் அரசே ஸ்டைபண்டில் 25 சதவீதம், 1,500 ரூபாய் வரை, பங்கு கொடுக்கிறது. நிரந்தரத் தொழிலாளி வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் காலத்தில் பயிற்சி முடிந்தால் உள்ளே போக ஒரு வாசல் இருந்தது. எங்களுக்கு வெளியே போகும் வாசல்தான். இன்ஜினியரிங் முடித்தவர்களையே "நீம் டிரெய்னி" என்று சொல்லி லைனில் நிறுத்தினார்களே, மறந்துவிட்டீர்களா? அதைக் கொண்டுவந்த ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கடைசியில் அந்தத் திட்டத்தையே திரும்பப் பெற வேண்டி வந்தது.

பொன்மலைக்காரன்:
22ஆம் பிரிவு உண்மைதான். சங்கத்தில் இருந்தபோது அதை எதிர்த்துக் கூட்டம் போட்டிருக்கிறேன். ஆனால் அதே சட்டத்தில் 16ஆம் பிரிவில் பயிற்சியில் அடிபட்டால் முதலாளி நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஓவர்டைம் போடச் சொன்னால் அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி வேண்டும். விரல் போன பையனுக்கு என்ன கொடுத்தார்கள்?

நைட்ஷிப்ட்:
ஆஸ்பத்திரிச் செலவும் ஊருக்கு பஸ் சார்ஜும்.

ஸ்டுட்கார்ட் தமிழன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஜெர்மனியில் இதையே அவுஸ்பில்டுங் என்கிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனி, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை வருடம். பேக்கரி முதல் வங்கி வரை முந்நூறுக்கு மேல் தொழில்கள். குறைந்தபட்ச உதவித்தொகை சட்டப்படி 2025இல் முதல் வருடம் 682 யூரோ. என் டீம் லீடர் கல்லூரி வாசலே மிதிக்காதவர், தொழிலில் தேர்ந்தவருக்குத் தரும் மைஸ்டர் பட்டம் வாங்கியவர். கேன்டீனில் அவரும் டாக்டர் பட்டம் வாங்கினவரும் ஒரே மேஜை. சட்டத்தோடு அந்த மேஜையும் இருப்பதால்தான் இங்கே அது ஓடுகிறது.

கணக்கு டீச்சர்:
அந்த மேஜை நம் ஊருக்கு வரட்டும், முதல் ஆளாக நானே என் மாணவர்களை அனுப்புகிறேன். அதுவரை டிகிரிதான் அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே நாற்காலி. அப்புறம் இன்னொன்று. டிகிரி முடித்தும் அப்ரண்டிஸ் போகலாமே, பொன்மலை ஐயாவே 9,000 என்று சொன்னார். அந்தக் கதவு பிறகும் திறந்திருக்கும்.

லேத் பட்டறை, கணபதி:
அந்தக் கதவு வேறு டீச்சர். டிகிரி அப்ரண்டிஸை யாரும் அரம் பிடிக்க விடுவதில்லை, எக்செல் ஷீட் போட வைப்பார்கள். கை பழகுகிற வயது ஒன்று இருக்கிறது. 22இல் வருகிறவனுக்கு இடுப்பு வளையாது.

திண்டுக்கல் மாமா:
எல்லாரும் மன்னிக்கணும், இரண்டு நாள் ஆகிவிட்டது. பொன்மலை ஐயா சொன்னபடி அந்த ஆளிடம் ஒப்பந்தத்தைக் கேட்டேன். முதலில் "வந்து சேர்ந்ததும் தருவோம்" என்றார். விடாமல் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பினார். கம்பெனி பெயரே இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் பெயர்தான் இருக்கிறது. "டிரெய்னி" என்று போட்டிருக்கிறது, என்ன டிரேடு என்று இல்லை. 12,000இல் தங்க, சாப்பிட 4,500 பிடித்தம். ஒரு வருடத்துக்குள் விலகினால் 15,000 கட்ட வேண்டும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

நைட்ஷிப்ட்:
கையெழுத்துப் போடாதீர்கள். என்னுடையதும் இதே தாள்தான், தொகை மட்டும் 10,000.

பொன்மலைக்காரன்:
கிழித்துப் போடுங்கள் தம்பி. இது அப்ரண்டிஸ் இல்லை.

கணக்கு டீச்சர்:
ஐயாவும் நானும் ஒத்துப்போகிற ஒரே இடம். அப்படியே பக்கத்துக் கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள் மாமா.

திண்டுக்கல் மாமா:
தாளைப் பையனிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மார்க் ஷீட் என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். கட்டிய பையைப் பிரித்துவிட்டான். அப்புறம் இங்கே நீங்கள் எழுதியதை எல்லாம் என் போனில் ஒரு மணி நேரம் படித்தான். படித்துவிட்டு, "மாமா, அந்த ஐயா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் என்றாரே, அதை எங்கே சொல்லித் தருவார்கள்?" என்று கேட்டான். பி.எஸ்சி. என்றதும் முகம் மாறிவிட்டது. அக்கா இன்னமும் இன்ஜினியரிங்தான் என்கிறாள்.

பொன்மலைக்காரன்:
அரசு ஐடிஐயில். ஃபிட்டர் இரண்டு வருடம். அரசு மாதம் 750 கொடுக்கிறது, தமிழ்ப் புதல்வன் 1,000 ஐடிஐக்கும் உண்டு. 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது மிஷின்கள் இறக்கியிருக்கிறார்கள், உங்கள் ஊரில் வந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். முடித்த பிறகு ஒரு வருடம் முறையான அப்ரண்டிஸ். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். சுற்று வழிதான், ஆனால் மூடிய வழி இல்லை.

கணக்கு டீச்சர்:
அந்தச் சுற்று வழியில் பி.இ. வரை போனவர்கள் என் மாணவர்களில் 19 வருடத்தில் இரண்டே பேர். வழி இருக்கிறது என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் ஐயா.

லேத் பட்டறை, கணபதி:
அப்ரண்டிஸ் முடித்ததும் கணபதிக்கு வரச் சொல்லுங்கள். இந்த முறை நானும் ஒப்பந்தம் பதிவு செய்கிறேன், நைட்ஷிப்ட் தம்பி வந்து சரிபார்க்கலாம்.

நைட்ஷிப்ட்:
வருகிறேன் அண்ணே. பி.எஃப். எண்ணையும் எடுத்து வையுங்கள்.

திண்டுக்கல் மாமா:
திங்கட்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஐடிஐக்குப் போகிறோம். அவள் மிஷினைக் கண்ணால் பார்த்த பிறகு பேசுகிறேன் என்கிறாள். பி.எஸ்சி. விண்ணப்பமும் போட்டு வைத்திருக்கிறேன் டீச்சர், கோபிக்க வேண்டாம். என்னென்ன சான்றிதழ் எடுத்துப் போக வேண்டும்?

கணக்கு டீச்சர்:
பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. டிசி சேரும்போதுதான் கேட்பார்கள். எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.