பிளவை நோக்கிச் செல்லும் திட்டம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நான் பங்களித்து வரும் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில், மூலநிரல் சேமிக்கப்படும் முதன்மைக் களஞ்சியத்தில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருப்பதால், பிறர் அனுப்பும் திருத்தங்கள் மாதக்கணக்கில் பதிலின்றித் தேங்கிக் கிடக்கின்றன. பொறுமையிழந்த சிலர் மூலநிரலைப் பிரித்தெடுத்துத் தனிக் கிளையாக நடத்த முனைந்துள்ளனர்.

பிரிவதே தவறு என்று நான் கருதவில்லை. 1997-இல் ஜிசிசி (GCC) என்னும் நிரல்மொழிமாற்றித் திட்டத்திலிருந்து பிரிந்த ஈஜிசிஎஸ் (EGCS), 1999-இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. 2014 இறுதியில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து (Node.js) கிளைத்த ஐஓ.ஜேஎஸ் (io.js), மறு ஆண்டே நோட் 4.0 பதிப்பில் மீண்டும் இணைந்தது. எனக்குக் கவலை தருவது 2010-இல் பிரிந்து இன்றுவரை இணையாத ஓப்பன் ஆபிஸ், லிப்ரெ ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருள்களின் கதைதான். தளர்வான நிபந்தனைகள் கொண்ட அப்பாச்சி உரிமத்தில் உள்ள ஓப்பன் ஆபிஸின் நிரலை லிப்ரெ ஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லிப்ரெ ஆபிஸின் நிரல் வேறு உரிமங்களில் வருவதால், அதை எதிர்த்திசையில் அப்படியே கொண்டுசெல்ல இயலாது. எங்கள் கிளைக்குழுவினரும் புதிய கோப்புகளுக்கு வேறு உரிமம் இடப்போவதாகச் சொல்கிறார்கள். (சண்டையின் இரைச்சலில் இதை எவரும் பொருட்படுத்தவில்லை.)

இத்தகைய பிளவைக் கடந்துவந்தவர்கள் உதவ வேண்டுகிறேன். இரு தரப்பும் ஒரே உரிமத்தைத் தொடர எழுத்துபூர்வமாக உடன்பட்டதுண்டா? திட்டத்தின் பெயரும் இணைய முகவரியும் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை எப்படித் தீர்த்தீர்கள்? களஞ்சிய உரிமையைப் பகிரத் தயங்கும் பராமரிப்பாளரிடம், அவர் உழைப்பைச் சிறுமைப்படுத்தாமல் பேச்சை எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் பயன்படுத்திய நிர்வாக விதிமுறை ஆவணம் இருந்தால், அதைப் பகிர்ந்தாலும் பேருதவியாக இருக்கும்.