மெக்கானிக்ஸ் அரியரும் எஸ்.ஓ.எம்.மும் ஒரே செமஸ்டரில்: எழுதலாமா?

கேள்வி:
மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்). மூன்றாவது செமஸ்டரில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் போய்விட்டது. இப்போது நான்காவதில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (எஸ்.ஓ.எம்.) ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டிலும் கோட்டை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அரியரை ஒரு செமஸ்டர் தள்ளிப்போடலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில் 1:
தள்ளாதே தம்பி. ஐந்தாவது செமஸ்டரில் வேறு பேப்பர்கள் வந்து உட்காரும். பழைய வினாத்தாள்களை இப்போதே போட ஆரம்பி.

பதில் 2:
நான் 2013 ரெகுலேஷன். எனக்கும் இதே நிலைமைதான்: இரண்டாவது செமஸ்டர் மெக்கானிக்ஸ் அரியர், மூன்றாவதில் எஸ்.ஓ.எம். இரண்டையும் சேர்த்தே எழுதினேன், இரண்டும் கிளியர். இப்போது டிசைன் வேலையில் இருக்கிறேன்.

இதை இரண்டு பேப்பராகப் பார்க்காதே. மெக்கானிக்ஸ் இரண்டாவது யூனிட்டில் ரியாக்‌ஷன் (சப்போர்ட் திருப்பித் தாங்கும் விசை) போடத் தெரிந்தால்தான் எஸ்.ஓ.எம். இரண்டாவது யூனிட்டில் பீமுக்குள் (சுமை தாங்கும் உத்திரம்) நுழைய முடியும். மெக்கானிக்ஸ் மூன்றாவது யூனிட்டில் வரும் சென்ட்ராய்டும் (வடிவத்தின் மையப்புள்ளி) மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவும் (பரப்பு அந்த மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்ற அளவு) அப்படியே பெண்டிங் ஃபார்முலாவில் வந்து நிற்கும். எஸ்.ஓ.எம். வகுப்பில் முதல் யூனிட், ஸ்ட்ரெஸ் (ஓர் அலகுப் பரப்புக்கு எவ்வளவு விசை) ஸ்ட்ரெய்ன் (அதனால் எவ்வளவு உருமாறுகிறது) ஓடும்போதே நீ மெக்கானிக்ஸில் இந்த இரண்டு யூனிட்டையும் முடித்துவிடு. ஃப்ரிக்‌ஷனும் டைனமிக்ஸும் பிறகு பார்க்கலாம், பீமுக்கு அவை தேவைப்படாது.

ஒரு கணக்கு தருகிறேன், இன்றைக்கே போட்டுப் பார். 6 மீட்டர் பீம், இரண்டு முனையிலும் சப்போர்ட், முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் யூ.டி.எல். (சீராகப் பரவிய சுமை). நடுவில் பெண்டிங் மொமென்ட், அதாவது பீமை வளைக்கும் திருப்புத்திறன், எவ்வளவு?

கேட்டவர்:
போட்டேன் அக்கா. மொத்தச் சுமை 60, ரியாக்‌ஷன் இரண்டு பக்கமும் 30. நடுவில் 30 × 3 = 90 வருகிறது. 60 நடுவிலேயே இருப்பதால் அதற்குத் தூரம் பூஜ்யம்தானே?

பதில் 2:
இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். யூ.டி.எல்.லைத் திரட்டி ஒரே சுமையாக நடுவில் வைப்பது ரியாக்‌ஷன் கண்டுபிடிக்க மட்டும் சரி. பீமுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் முதலில் வெட்டு, அப்புறம் திரட்டு. நடுவில் வெட்டி இடது பாதியை மட்டும் தனியாக வரை. அதன் மேல் இருப்பது 3 மீட்டர் சுமைதான், அதாவது 30. அது வெட்டிலிருந்து 1.5 மீட்டரில் நிற்கிறது. 30 × 1.5 = 45, எனவே 90 − 45 = 45 கிலோநியூட்டன் மீட்டர்.

அகலம் 200, உயரம் 300 மில்லிமீட்டர் செவ்வகப் பீம் என்றால், இந்த 45-ஐ பெண்டிங் ஃபார்முலாவில் போட்டு வரும் அதிகபட்ச ஸ்ட்ரெஸ் 15 நியூட்டன்/சதுர மி.மீ. உன் 90-ஐப் போட்டால் 30 வந்திருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் ஃப்ரீ பாடி டயகிராம் (அந்தத் துண்டை மட்டும் பிரித்து, அதன் மேலுள்ள விசைகளைக் காட்டும் படம்) தனியாக வரை, மனசுக்குள் வரையாதே. நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அதைத்தான் வரைந்து தள்ளினேன்.

கேட்டவர்:
வெட்டி வரைந்ததும் புரிந்துவிட்டது அக்கா. சப்போர்ட்டிலிருந்து 2 மீட்டரில் வெட்டிப் பார்த்தேன், 30 × 2 − 20 × 1 = 40. சரியா?

பதில் 2:
சரி. அடுத்து டி-செக்‌ஷனுக்கு (T வடிவக் குறுக்குவெட்டு) சென்ட்ராய்டு போடு. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு தம்பி. நான் இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன், அந்த இரண்டு மாதமும் படிப்பு ஓடவே இல்லை.