புதுப்பிப்பு: பாஞ்சோவின் சுருதி விலகியதற்குக் காரணம் கிடைத்தது

புதிய தந்திகள் மாட்டிய பின், தோல் போர்த்திய உடல் கொண்ட என் ஐந்து தந்திப் பாஞ்சோவில் வெறுந்தந்திகள் சுருதியில் நிற்க, கழுத்தின் மேற்பகுதியில் அழுத்தும் சுரங்கள் மட்டும் ஏறி ஒலிப்பது ஏன் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். குற்றவாளி, தந்திகளைத் தாங்கும் பாலமான குதிரைதான். பாஞ்சோவில் அதை ஒட்டுவதில்லை. தந்திகளின் இறுக்கத்தால் மட்டுமே அது தோலின்மீது நிற்கிறது என்பதை மறந்து, ஐந்தையும் ஒன்றாகக் கழற்றியதில் அது இடம் மாறிவிட்டது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதான பன்னிரண்டாம் பிரெட்டின்மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும்வரை குதிரையைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தினேன். ஏறக்குறைய 3 மில்லிமீட்டரில் சரியாகிவிட்டது. இப்போது அதன் காலடியில் பென்சில் குறி இருக்கிறது.

பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்கிரக்ஸ் 1945இல் பில் மன்ரோவின் இசைக்குழுவில் சேர்ந்தபின் புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைவகையின் அடையாளமாகிவிட்ட மூவிரல் முறையா, அதற்கு முந்தைய கிளாஹேமரா என்ற கேள்விக்கும் விடை கண்டுவிட்டேன். நகத்தின் வெளிப்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டும் கிளாஹேமரே எனக்கு ஒத்துவருகிறது. செனகல், காம்பியா பகுதி ஜோலா மக்களின் அகோன்டிங் கருவியையும் ஏறக்குறைய இவ்வாறே வாசிக்கிறார்கள் என்பது கூடுதல் ஈர்ப்பு. என் ஐந்தாம் தந்தி மந்தமாக ஒலித்ததற்குக் காரணம், பெருவிரலைத் தாமதமாகத் தேடிக் கொண்டுவந்ததே. கை இறங்கும்போதே பெருவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் அமர்ந்துவிட்டால், கை எழும்போது ஒலி தானாகவே தெறிக்கிறது. தாளம் காட்டும் மெட்ரோனோமை இன்னும் நிமிடத்துக்கு 70 தட்டுகளுக்குமேல் ஏற்றவில்லை.